கடைசிப் பக்கத்திலிருந்து படித்த கணிதம்

நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடையில் எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவோம். இயந்திரம் பழையது. பிரதி, எழுத்து மேலே தெரியும்படி வந்து விழும். அடுத்தது அதற்கு மேலே விழும். முதல் பக்கத்திலிருந்து எடுத்தால் அடுக்கு தலைகீழாகிவிடும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக மாற்றி அடுக்க வேண்டும். அதனால் பதுளைக்கு வேலைக்கு வந்த அன்றே முதலாளி சொல்லித்தந்தார்: முடிவை முதலில் கண்ணாடிமேல் வை.

எனக்கு அது சிரமமாக இருக்கவில்லை. நான் முன்பிருந்தே முடிவிலிருந்து யோசிக்கிறவள். அண்ணன் போன் எடுத்தால், நான் "ஹலோ" சொல்வதற்குள் மனதில் ஒரு சாவு வீடு நடந்து முடிந்திருக்கும். அங்கிருந்து பின்னோக்கி வந்துதான், அவன் தேங்காய் விலை பற்றிப் பேச எடுத்திருக்கிறான் என்பதைக் கண்டுபிடிப்பேன். அறையைப் பூட்டிவிட்டு இறங்கினால் படிக்கட்டின் பாதியில் நிற்பேன். திரும்ப ஏறி இழுத்துப் பார்ப்பேன். இழுத்துப் பார்த்தது நினைவிருக்கும், ஆனாலும் நம்பிக்கை வராது.

இப்படிப்பட்ட ஒருத்தி பல்கலைக்கழகக் கணிதம் படிக்கப் போனாள். அதில் ஒரு பாடத்தை விட்டுவிடச் சொன்னார்கள். அதை விட்டால் அதற்கு மேலே இருப்பவை எல்லாம் அவளுக்கு மூடப்பட்டுவிடும். நான் விடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை ஏன் நிறுத்தினாய் என்று கேட்பவர்கள் பதிலையும் தாங்களே கொண்டுவருவார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, வரிசை வீட்டில் ஒரு லயத்து அறை, வறுமை. அப்படிச் சொன்னால் அவர்களுக்குத் திருப்தி. வறுமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் நின்றது வறுமையால் அல்ல. பூனாகலைப் பக்கத்தில் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புவரைதான் இருந்தது. பத்தாம் வகுப்புக்குப் பண்டாரவளைக்கு பஸ்ஸில் போக வேண்டும். அந்த பஸ் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தின் பக்கமாகச் சாயும். சில வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி போனேன். பிறகு போகவில்லை. வீட்டில் அடித்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். அந்த வளைவுகளை நேராக்க யாராலும் முடியவில்லை.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒருத்தியின் வாழ்க்கையைத் திருப்புவதற்குப் பயம் ஒன்றே போதும். அதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் பல்கலைக்கழகப் பிள்ளைகள். ஒருவர் எழுதிய குறிப்பை வகுப்பே பிரதி எடுக்கும். ஒருநாள் ஒரு பிள்ளை கொண்டுவந்த கட்டின் கடைசிப் பக்கத்தில், எழுத்தின் முடிவில், சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்கு முந்திய பக்கத்திலும் இருந்தது. நிறுவல் முடிந்தது என்பதன் அடையாளம் அது என்று அப்போது தெரியாது. இயந்திரம் ஒளியை இழுத்துக்கொண்டு போய்வரும் நேரத்தில் அந்தப் பெட்டிக்கு மேலே உள்ள வரியைப் பார்ப்பேன். தாளைத் திருப்புவேன். அதற்கும் மேலே உள்ள வரியைப் பார்ப்பேன். எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் ஒரு டீ கேட்டு வாங்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கணிதக்காரர்கள் பாவிக்கும் ஆங்கிலம் ஒரு கைப்பிடிதான். லெட், சப்போஸ், ஹென்ஸ். இவற்றைச் சொல்லிச் சொல்லியே புத்தகத்தை முடித்துவிடுகிறார்கள்.

கடைசி வரி ஒன்றைச் சொல்லும். ஏன் என்று கேட்டால் முந்திய பக்கத்தைக் காட்டும். முந்திய பக்கம் அதற்கும் முந்திய பக்கத்தைக் காட்டும். முதல் பக்கத்தில் போய்ப் பார்த்தால், "இது வேறு பாடத்தில் காட்டப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். வேறு பாடம் எங்கே? அது அடுத்த வாரம் வேறு ஒரு பிள்ளையின் கையில் வரும்.

இப்படித்தான் எந்தப் பாடம் எதன்மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியவந்தது. வகையீட்டுச் சமன்பாடுகளுக்கு இரண்டு கால். ஒன்று நுண்கணிதத்தில் நிற்கும், மற்றது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் தாயங்களில் நிற்கும். நிகழ்தகவு முதலில் எண்ணிப் பார்ப்பதில் தொடங்கும். மேலே போகப் போகத் தொகையிடல் இல்லாமல் அதற்கு நடக்க வராது. எல்லாவற்றுக்கும் மேலே, வடிவத்தை இழுத்தாலும் வளைத்தாலும் மாறாமல் இருப்பது எது என்று கேட்கும் ஒரு பாடம். அதற்குக் கீழே எல்லோரும் அனலிசிஸ் என்று சொல்லும் மெய்யெண் பகுப்பாய்வு. அதற்கும் கீழே நுண்கணிதம், அதற்கும் கீழே அட்சரகணிதம். அடியிலே, மிக அடியிலே, நான் பண்டாரவளை பஸ்ஸில் விட்டுவந்த பத்தாம் வகுப்பு.

கறை விழுந்து கெட்டுப்போன தாள்களை நான் எடுத்து வைப்பேன். பின்பக்கம் பில் எழுத உதவும். முதலாளி அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்ன புள்ள, மத்தவங்க பில்லுக்கு முன்பக்கத்தப் பாப்பாங்க. நீங்க பின்பக்கத்தப் பாக்குறீங்க."

"சும்மா பார்த்தேங்க முதலாளி."

"சும்மா பாக்குறவங்க மொகம் இப்படி ஈக்காது. மெஷினும் சூடாகுது, ஒங்கட மண்டையும் சூடாகுது. ரெண்டும் ஒண்ணாப் பத்தினா எனக்குக் கடை இல்ல."

பரீட்சை ஒன்றும் பாஸ் பண்ணாதவர்களும் தொலைக்கல்வியில் சேரலாம், அத்திவாரப் பாடம் தமிழிலேயே இருக்கிறது என்று எனக்குச் சொன்னதும் அவர்தான். அந்த அறிவித்தலை யாரோ பிரதி எடுக்கக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் ஒரு பிரதி கூடுதலாக எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, தொழுகைக்குப் போய்விட்டார்.

நான் சேர்ந்தேன். முப்பது வயதைத் தாண்டி, பத்தாம் வகுப்பின் கணக்கிலிருந்து தொடங்கினேன். அத்திவாரம் முடிந்தது. பட்டப்படிப்பின் முதல் நிலைப் பாடங்கள், நுண்கணிதமும் தாயங்களும், தட்டுத்தடுமாறி முடிந்தன. தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனபோது அண்ணி அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்டாள்:

"ஏன் நாத்தனாரே, இம்புட்டு வருஷம் கணக்குப் படிச்சு, கடைசியில மலைக்குக் கணக்கப்புள்ளையா வரப்போறீங்களா?"

அங்கே கணக்கப்புள்ளை என்றால் கொழுந்து எடுப்பவர்களை மேய்க்கிறவர். காலையில் பெரட்டு என்று அவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதும் அவர்தான். அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

"வந்தா ஒங்களத்தான் மொதல்ல பெரட்டுக்கு நிப்பாட்டுவேன் அண்ணி."

"நிப்பாட்டுவீங்க, நிப்பாட்டுவீங்க. அதுக்கு மொதல்ல அந்த பஸ்ஸுல ஒழுங்கா ஏறி வந்து சேருங்க."

உண்மையாகவே அந்த முறையும் நான் வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் வந்திருந்தேன். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

யாருக்காகப் படிக்கிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். பிள்ளை குட்டிக்கா, வேலைக்கா, வெளிநாட்டுக்கா. எனக்காக என்று சொன்னால் அது பதிலாகத் தோன்றவில்லை அவர்களுக்கு. ஏதோ ஒரு நன்மையைச் சொல்லி இந்தப் படிப்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நான் கேட்கவில்லை. எதையும் நம்பாத எனக்கு, எதையும் சும்மா நம்பச் சொல்லாத ஒரு படிப்பு கிடைத்தது. அதைவிட வேறு என்ன நன்மை வேண்டும்?

பிறகு அனலிசிஸ் வந்தது.

நுண்கணிதத்தில் எல்லை என்று ஒன்று வரும். ஓர் எண் இன்னோர் எண்ணை நெருங்கிக்கொண்டே போகிறது என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். எனக்கு அங்கேயே தொண்டையில் முள் மாட்டும். நெருங்குகிறது என்றால் எவ்வளவு? போய்ச் சேருமா? வழியில் விலகிவிட்டால்? அனலிசிஸின் முதல் வகுப்பில், கரும்பலகையில் அதற்குப் பதில் இருந்தது. நீ எவ்வளவு சின்ன இடைவெளியை வேண்டுமானாலும் கேள். அதற்குள் வந்து அடங்கும் இடத்தை நான் காட்டுகிறேன், அந்த இடத்துக்குப் பிறகு எதுவும் வெளியே போகாது. இன்னும் சின்னதாகக் கேட்கிறாயா, கேள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை, நான் கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். என் வாழ்நாளில் ஒருவரும் என்னிடம் "இன்னும் சின்னதாகச் சந்தேகப்படு, பரவாயில்லை" என்று சொன்னதில்லை.

அவ்வளவு பிடித்த பாடத்தின் இடைத்தேர்வில்தான் தவறினேன். அந்தத் தேர்வில் தேறினால்தான் இறுதிப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள்.

அடுத்த வருடப் பதிவுக்காக பதுளையில் உள்ள கற்கை நிலையத்துக்குப் போனேன். பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு அந்தப் பாடத்தின் பகல் வகுப்பை எடுத்தவரும் அவரே. என் விடைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி, நான்தான் இதைத் திருத்தினனான். எழுதினதிலை ஒரு பிழையும் இல்லை."

பிழை இல்லாமல் எப்படித் தவற முடியும்?

"பிழை இல்லை, ஆனா மறுமொழியும் இல்லை. ஒரு கேள்வி கேட்டால் நீங்கள் உலகத்தைப் படைக்கத் தொடங்கியிடுறியள். ரெண்டு மணித்தியாலத்திலை அது பிரம்மாவுக்கே ஏலாது."

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். முதல் கேள்வி, மூடிய இடைவெளி ஒன்றில் தொடர்ச்சியாக உள்ள சார்பு எல்லை மீறி எகிறாது என்று நிறுவச் சொன்னது. வகுப்பில் ஏற்கெனவே காட்டிய தேற்றம் ஒன்றை எடுத்துப் பாவித்தால் அரைப் பக்கத்தில் முடியும். ஆனால் அந்தத் தேற்றம் உண்மைதானா? போன வாரம் நானே நிறுவிப் பார்த்தேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறதா? எனக்குப் பயம் வந்தது. அதை முதலிலிருந்து நிறுவத் தொடங்கினேன். அது இன்னொன்றில் நின்றது, அதையும் நிறுவினேன். அதற்குக் கீழே, மேல்வரம்பு உள்ள எண்களின் கூட்டத்துக்கு எல்லாவற்றிலும் சிறிய மேல்வரம்பு ஒன்று உண்டு என்ற இடத்துக்கு வந்தபோது, அதற்குக் கீழே தோண்ட ஒன்றும் இருக்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறோம் என்று பாடநூல் சொல்கிறது. அங்கிருந்து திரும்ப மேலே ஏறி வந்தேன். முதல் கேள்வியின் விடையை எட்டும்போது தாளை வாங்கிவிட்டார்கள்.

"உங்களுக்கு இது சரிவராது," என்றார் அவர். குரலில் இளக்காரம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "புள்ளிவிபரவியல் பக்கம் மாறுங்கோ. அதுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. வேலை செய்துகொண்டு படிக்கிற ஆக்கள் கனபேர் அப்பிடித்தான் செய்யிறவை. டிகிரி டிகிரிதானே."

"அப்ப, இதுக்கு மேல உள்ளதெல்லாம், சேர்?"

"அதுகள் எடுக்கேலாது. இது பாஸ் பண்ணாமல் அதுகளுக்குப் பதிய ஏலாது."

"எப்பவுமே?"

"வேணுமெண்டால் இதையே திரும்ப எடுக்கலாம். ஆனா இன்னொருக்காத் தவறினால், ஒரு வருஷம் வீணாப் போகும். நீங்கள் பயப்படுற ஆள். வகுப்பிலை பார்க்கிறனான்தானே. இந்தப் பாடம் பயந்த ஆக்களுக்கில்லை."

எனக்குக் கோபம் வருவது அபூர்வம். கோபப்பட்டால் என்ன ஆகும் என்று முதலில் யோசிப்பேன், யோசித்து முடிப்பதற்குள் ஆள் போயிருப்பார். அன்று யோசிக்கவில்லை.

"இது பயந்தவங்களுக்குன்னே உள்ள பாடங்க சேர். பயமில்லாதவங்க நெருங்குது, நெருங்குதுன்னு நம்பிட்டு நுண்கணிதத்தோட போயிடலாமே. அவங்களுக்கு எதுக்கு இது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். துரத்திவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"நீங்கள் சொல்லுறது சரி. ஆனா ஒரு விஷயம். இந்தப் பாடம் ஒரு சந்தேகத்துக்கு ஒருக்காத்தான் மறுமொழி சொல்லும். நீங்கள் அதே சந்தேகத்தை ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து கேக்கிறியள். கீழ் மாடியைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தால் மேல் மாடிக்கு எப்ப போறது?"

அவர் சொன்னது சரிதான் என்று தெரிந்தும் பதிவுப் படிவத்தை அவர் பக்கமாகத் தள்ளினேன்.

"இதையே திரும்ப எடுக்கிறேங்க சேர்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சா மாட்டேன்னு சொல்லிருவேன். இப்பவே எழுதுங்க."

அவர் எழுதினார்.

அந்த வருடம் நான் ஒரு புதுப் பழக்கத்தைப் பழகினேன். சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். "இது முன்னர் நிறுவப்பட்டது" என்று ஒரு வரி எழுதி, கையை எடுத்து, அடுத்த வரிக்குப் போவது. அவ்வளவுதான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பில் தாளின் முன்பக்கத்தில் அதையே எழுதிப் பழகினேன். எழுதியதும் கீழே இறங்கி அந்தத் தேற்றத்தை இழுத்துப் பார்க்க வேண்டும்போல இருக்கும். இறங்கவில்லை. வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம், அடிவரை போகலாம், அதை யாருக்காகவும் விடமாட்டேன். கேள்வித்தாளின் முன்னால் மட்டும் நிற்க வேண்டும்.

முதலாளி ஒருநாள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, ஒரே வரியையே எழுதிக்கிட்டு ஈக்கிறீங்க. வாத்தியார் தண்டனை குடுத்தாரா?"

"நானேதாங்க குடுத்துக்கிட்டேன்."

"அப்படின்னா ஒழுங்கா எழுதுங்க. தாள் என்னுடையது."

என் பயத்தைப் பற்றி அந்த நாட்களில் நிறைய யோசித்தேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக மலை. பெருமழை பெய்தால் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்பார்கள். மண் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஓர் இடத்தில் வளர்ந்த ஒருத்தி, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அதை நோய் என்று சொல்லாதீர்கள். அது அவள் ஊர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதன்மேல்தான் மற்றப் பாடங்களை நான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கணிதம் படித்ததும் பயம் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். போகவில்லை. பூட்டை இன்றைக்கும் இழுத்துப் பார்க்கிறேன்.

இரண்டாம் முறை இடைத்தேர்வில் தேறினேன். இறுதிப் பரீட்சையில், ஒரு கேள்விக்கு அதே பழைய தேற்றம் தேவைப்பட்டது. கை தானாகத் தாளின் மேலே ஒரு வெற்றிடத்தைத் தேடியது, அடியிலிருந்து தொடங்குவதற்கு. கையைப் பிடித்து நிறுத்தினேன். உண்மையாகவே இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். முன் வரிசையில் நின்ற மேற்பார்வையாளர் ஏதோ சுகமில்லை என்று நினைத்து, "தண்ணி வேணுமா?" என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். முன்னர் நிறுவப்பட்டது என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் போனேன். கீழே ஒன்றும் சரியவில்லை. சரிந்திருந்தாலும் நான் அடுத்த வரியில்தான் இருந்திருப்பேன்.

பெறுபேறு வந்தபோது, தேறியவர்களுக்குக் கொடுக்கும் தரங்களில் கடைசித் தரம் எனக்கு. அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது: "இப்பவாவது முடிஞ்சுச்சா, கேளுங்க." முடியவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

புதிய பதிவுக்குப் போனபோது சேர் என் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கெட்டிக்காரி. சொன்னபடி செய்திட்டியள். இனி லேசான பாடங்களாப் பார்த்து எடுத்து முடிப்பம், என்ன?"

நான் பட்டியலில் விரலை வைத்தேன். அனலிசிஸுக்கு நேர் மேலே உள்ள பாடம். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் தூரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையே அது கேள்வி கேட்கும். அதன் கடைசிப் பக்கத்தை ஒருதரம் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வரியும் விளங்கவில்லை.

"இது கடும் பாடம். போன முறை எடுத்த ஆக்களிலை பாதிப்பேர் விட்டிட்டுப் போட்டினம்."

"தெரியுங்க சேர்."

"இதுக்கும் பயமோ?"

"ரொம்பப் பயமா இருக்குங்க. பதிஞ்சிருங்க."